அளவுக்கு ஒரு ஆள்

இத்தாலியில் நாங்கள் பார்த்த பழைய மாளிகைகளும் தோட்டங்களும் எத்தனை என்று யாராவது கேட்டால் எனக்கு உடனே சொல்லத் தெரியாது. ஆனால் ஒவ்வொன்றிலும் நான் எங்கே நின்றேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. மதில் சுவரின் அடியில் நின்றேன். படிக்கட்டின் ஓரத்தில் நின்றேன். ஒரு கல் சிங்கத்தின் முன்னங்காலுக்குக் கீழே, தூறலில், குடையைக்கூட விரிக்காமல் நின்றேன். என் கணவர் எடுத்த எல்லாப் படங்களிலும் நான் இருக்கிறேன். ஒன்றில்கூட என் முகம் தெரியாது.

காரணம் அவருடைய வேலை. அவர் நெய்வேலிச் சுரங்கத்தில் சர்வே பிரிவில் இருக்கிறார். மண்ணை வெட்டி எடுக்க எடுக்கச் சுரங்கம் பெரிய பெரிய படிகளாக இறங்கும். ஒவ்வொரு படியையும் பெஞ்ச் என்பார்கள். எந்த பெஞ்ச் எப்படி நிற்கிறது, எங்கே விரிசல் விட்டிருக்கிறது, எங்கே தண்ணீர் கசிகிறது என்று படம் எடுத்து வைப்பது அவர் பொறுப்பு. வெறும் மண்சுவரை மட்டும் படம் எடுத்தால் அது முழங்கால் உயரமா, மூன்று மாடி உயரமா என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. அதனால் சுவரடியில் ஒருவரை நிறுத்துவார்கள். அளவுக்கு ஒரு ஆள். அந்த ஆள் விறைப்பாக நிற்க வேண்டும், கையை ஆட்டக் கூடாது, முக்கியமாகக் கேமராவைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் சிரிப்பு வரும், சிரித்தால் படம் அந்த ஆளைப் பற்றியதாகிவிடும், சுவர் போய்விடும் என்பது அவர் கட்சி.

கல்யாணமான புதிதில் எனக்கு இது தெரியாது. நான் தென்காசிப் பக்கம், அவர் கோயில்பட்டி. ஊட்டிக்குப் போனோம். பூங்காவில் ஒரு பெரிய மரத்தடியில் என்னை நிறுத்திவிட்டு அவர் பின்னால் போனார். போனவர் போய்க்கொண்டே இருந்தார். "என்னைப் பாக்காத, மரத்தைப் பாரு" என்று அங்கிருந்து கத்தினார். படம் கழுவி வந்தபோது மரம் பிரமாதமாக இருந்தது. அடியில் பச்சைப் பட்டில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் மருமகள் என்று என் மாமியாருக்கு நானே விரல் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

ஊட்டியிலிருந்து திரும்பிய வாரமே என்னைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி உயரத்தை அளந்தார். நூற்றைம்பத்தைந்து சென்டிமீட்டர். அளவுக்கு நிற்கிற ஆளின் அளவு தெரியாமல் எப்படி? அதன் பிறகு மேட்டூர் அணை, தஞ்சாவூர் கோபுரம், நான் கணக்கு டீச்சராக இருந்த பள்ளியின் புதுக் கட்டடம் என்று எல்லாவற்றின் உயரத்தையும் என்னை வைத்துத்தான் சொன்னார். எட்டாம் வகுப்பில் விகிதம் நடத்தும்போது அந்தப் படங்களையே நான் உதாரணமாகக் கொண்டுபோயிருக்கிறேன். "டீச்சர் எங்க, டீச்சர் எங்க" என்று பிள்ளைகள் தேடிப் பிடிப்பார்கள். எனக்கும் அது விளையாட்டாகத்தான் இருந்தது.

மார்பில் கட்டி வந்து, ஒரு வருஷம் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகுதான் எனக்கு இதில் கோபம் வந்தது.

அவர் ஒரு குறையும் வைக்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். லீவு போட்டார், கார் ஓட்டினார், டோக்கனுக்கு நின்றார், ரசஞ்சாதம் கரைத்துக் கொடுத்தார். பாட்டிலிலிருந்து மருந்து சொட்டுவதை நர்ஸைவிடக் கவனமாகப் பார்த்தார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. தலைமுடி போய், புருவமும் போய் உட்கார்ந்திருந்த நாட்களில் என்னோடு பேசும்போதெல்லாம் என் தோளுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துப் பேசினார். பயம் என்று எனக்குப் புரிந்தது. புரிந்துவிட்டால் வலிக்காது என்று யார் சொன்னது? எனக்கு வலித்தது.

ஆஸ்பத்திரி அட்டையில் ஒட்டுவதற்கு அந்தச் சமயத்தில் ஒரு படம் எடுத்தார்கள். அப்போதைக்கு என் முகம் தெரிய எடுத்த கடைசிப் படம் அதுதான். அதில் இருப்பது நான்தான் என்று சொன்னால் நானே நம்ப மாட்டேன். பிறகு முடி வளர்ந்தது. பிறவியிலிருந்து நேராக இருந்த முடி, சுருட்டையாகவும் வெள்ளையாகவும் திரும்பி வந்தது. அட்டையில் இருக்கிற அந்த முகம் என் கடைசிப் படமாக நின்றுவிடக் கூடாது என்று எனக்குள் ஒரு பிடிவாதம் ஏறிவிட்டது. இன்னொரு படம் வேண்டும். மகள் செல்போனில் எடுப்பாள், கடைத்தெருவில் ஸ்டுடியோ இருக்கிறது, பின்னால் விசாவுக்கு அங்கேதான் எடுத்தேன். அதெல்லாம் கணக்கில்லை, அவர் எடுக்க வேண்டும். கேமராவுக்குள் கண்ணை விட்டாவது அவர் என் முகத்தைப் பார்த்தாக வேண்டும். நான் இத்தாலிக்குக் கிளம்பியது தோட்டம் பார்க்க அல்ல, இதற்குத்தான். ஆனால் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டு வாங்கினால் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வீம்பு.

மகள் ஃப்ளாரன்ஸில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். வசந்த காலத்தில் வாருங்கள் என்று டிக்கெட் அனுப்பினாள். அந்தச் சேதி எங்கள் டவுன்ஷிப் பிளாக்கில் பரவியது. வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் இங்கே ஒரு குழுவாக இருக்கிறோம். அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் கூடி, யார் வீட்டு ரோஜாவில் பூச்சி, யார் வீட்டு வாழைத்தாரை யார் வெட்டிக்கொண்டு போனார்கள் என்று பேசுவோம். அந்தக் குழுவில் பக்கத்து குவார்ட்டர்ஸ் அம்மாவும் ஒருவர். குறிஞ்சிப்பாடிக்காரர். வீட்டுக்காரர் பெர்மனென்ட் ஆன பிறகு இங்கே வந்தவர். அவர்தான் வேலியோரம் நின்று என் கணவரைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அங்க பெரிய பெரிய தோட்டம்லாம் இருக்குதாமே. போட்டோ புடிச்சிகினு வாங்க சார். ஹால்ல பெரிசா போட்டுக் காட்டுங்க, நாங்க எந்தக் காலத்துல போய்ப் பாக்கப் போறோம்?"

காட்டுவதாக வாக்குக் கொடுத்தார். அதோடு அது அவருக்கு டூட்டி ஆகிவிட்டது.

முதல் தோட்டம் ஊருக்கு வெளியே ஒரு குன்றின் மேல் இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி ஏறினோம். மகளுக்கு வேலை நாள், அதனால் நாங்கள் இருவர் மட்டும். எனக்குப் பெரிய ஏமாற்றம். பூவே இல்லை. இடுப்பளவுக்கு வெட்டிவிட்ட பச்சைச் செடி, கட்டம் கட்டமாக, வட்டம் வட்டமாக, காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி. நடுவில் சரளைக்கல் பாதை. அந்தச் செடியிலிருந்து பூனை மூத்திர வாசனை வேறு. நான் முதலில் பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரரைச் சந்தேகப்பட்டேன். ஒரு செம்பருத்தி இல்லை, ஒரு நந்தியாவட்டை இல்லை. எங்கள் பிளாக் தோட்டப் போட்டியில் இந்தத் தோட்டம் முதல் சுற்றிலேயே வெளியே போயிருக்கும்.

அவர் தோட்டத்தைப் பார்க்கவே இல்லை. குன்றைச் செதுக்கி அடுக்கடுக்காகத் தளம் கட்டி, ஒவ்வொரு தளத்துக்கும் கீழே கல்சுவர் எழுப்பி மண்ணைத் தாங்க வைத்திருந்தார்கள். அவருக்குக் கண்ணில் பட்டது அதுதான்.

"டீச்சர், இது நாலு பெஞ்ச்" என்றார். குதூகலம் வந்தால் என்னை டீச்சர் என்பார்.

சுவரில் தண்ணீர் வடிவதற்கு விட்டிருந்த ஓட்டைகளுக்குள் குனிந்து பார்த்தார். கையை விட்டுப் பார்த்தார். "நானூறு, ஐந்நூறு வருஷமா சரியாம நிக்குதுன்னா சும்மாவா? ஒரு மழைக்கு நம்ம பெஞ்ச் என்னா பாடு படுத்துது!" என்று சுவரைத் தட்டிக் கொடுத்தார், மாட்டைத் தட்டிக் கொடுப்பதைப் போல. பிறகு என்னை அதன் அடியில் நிறுத்தினார். இந்தப் பயணமும் இப்படித்தான் போகும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் சந்தையில் எனக்கு ஒரு சால்வை வாங்கித் தந்தார். அவராகத் தேர்ந்தெடுத்தார். நல்ல ஆரஞ்சு நிறம். தானாக எனக்கு ஒன்று வாங்கித் தருகிற பழக்கம் அவருக்கு இல்லாததால் நான் கொஞ்சம் பூரித்துப் போனேன், மறைப்பானேன். தலையில் துணி சுற்றிக்கொண்டிருந்தேன், குளிருக்கும் முடிக்கும் சேர்த்து. அதன் மேல் சால்வையைப் போட்டு மகள் வீட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். பரவாயில்லை என்றிருந்தது.

"இன்னிக்கு எடுத்த படத்துல நீ பச்சையோட பச்சையாப் போய்ட்ட" என்றார் பின்னாலிருந்து. "நாளைலேர்ந்து இதைப் போட்டுக்க. தூரத்துலயும் பளிச்சுன்னு தெரியும்."

சுரங்கத்தில் இறங்குகிறவர்கள் போடுகிற சட்டையும் அதே ஆரஞ்சுதான். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

அப்படியே ஒவ்வொரு ஊராகப் போனோம். மாளிகைகளின் உள்ளேயும் போனோம். கூரை முழுக்கச் சித்திரம், சுவரெல்லாம் பட்டுத்துணி, உட்கார முடியாத நாற்காலிகள். எங்கள் டவுன்ஷிப்பில் புதிதாக ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் கேட்கிற முதல் கேள்வி இது எந்த டைப் குவார்ட்டர்ஸ் என்பதுதான். எனக்கும் அதே புத்தி. இவ்வளவு அறைகளில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டேன். கோடையில் கொஞ்ச நாள் மட்டும் வருவார்களாம், மற்ற நாளெல்லாம் பூட்டித்தான் கிடக்குமாம். பெருக்குகிறவர்களை நினைத்துக்கொண்டேன்.

ரோம் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் நீரூற்றுகள் மட்டுமே. மகளும் வந்திருந்தாள். பார்த்த இடமெல்லாம் தண்ணீர் பீய்ச்சியடித்தது, கொட்டியது, கல் மனிதர்களின் வாயிலிருந்து வழிந்தது. எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் பம்ப். நிலக்கரிக்குக் கீழே இருக்கிற ஊற்றை இராப்பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கும், விட்டால் ஏரியாகிவிடும். அதனால் எல்லாரும் முன்பக்கம் நின்று வியந்துகொண்டிருந்தபோது அவர் பின்பக்கம் போய் மோட்டார் ரூமைத் தேடினார். புதருக்குள் நுழைந்தவரைக் காவல்காரர் கையைப் பிடித்து அழைத்துவந்து எங்களிடம் ஒப்படைத்தார். ஆற்றை மேட்டிலேயே திருப்பிக் குழாய் வழியாக இறக்கியிருக்கிறார்கள், எல்லாம் சரிவின் வேகம்தான், மோட்டாரே கிடையாது என்று மகள் விளக்கினாள். அவர் அண்ணாந்து மேட்டைப் பார்த்தார். பிறகு அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தி, ஊற்றின் உயரத்தைக் கண்டுபிடித்தார்.

லூக்காவுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் வயதான இத்தாலியப் பெண்மணி ஒருவர் வெகுநேரமாக எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஒருவர் தூரத்தில் நிற்க, இன்னொருவர் தூரத்திலிருந்து எடுப்பது அவருக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே வந்து, கேமராவைக் கொடுங்கள், இரண்டு பேரையும் சேர்த்து எடுக்கிறேன் என்று சைகை செய்தார். நான் சால்வையைச் சரி செய்துகொண்டேன். என் கணவர் கேமராவைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு நேராக நடந்துபோய், கோடியில் இருந்த மதிலடியில், கையை ஒட்டவைத்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்தபடி நின்றார். அந்தப் பெண்மணி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எனக்கு இத்தாலியன் தெரியாதது அன்றைக்கு ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. நானும் போய்க் கணவர் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றேன். அந்தப் படமும் இருக்கிறது. இரண்டு முதுகுகள்.

இதுவரை சிரிப்புதான். எலுமிச்சைத் தோட்டத்தில் சிரிப்பு நின்றுபோனது.

அங்கே எலுமிச்சையைத் தரையில் வைப்பதில்லை. கல்யாணச் சமையலில் சாம்பாருக்கு ஏற்றுகிற அண்டா அளவில் மண்தொட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு மரம். குளிர் காலத்தில் எல்லாவற்றையும் பெரிய ஜன்னல் வைத்த ஒரு கட்டடத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, வெயில் வந்ததும் வெளியே எடுத்து வரிசையாக நிறுத்துகிறார்கள். நாங்கள் போன அன்று பாதித் தொட்டிகள் வெளியே வந்திருந்தன. ஆறு மாதமாக உள்ளே கிடந்த மரங்கள் வெயிலில் நின்றன. சில இலைகள் வெளுத்திருந்தன. ஆனால் காய் இருந்தது, பூவும் இருந்தது. இந்த நாட்டில் நான் முதன்முதலாக நெருங்கி மோந்து பார்த்த பூ அதுதான்.

நானும் ஒரு வருஷம் உள்ளே கிடந்தவள்தானே. அங்கே நின்றபோது எனக்கு என்னமோ தைரியம் வந்தது. தலைத்துணியை அவிழ்த்தேன். காற்று மண்டையில் பட்டது. அவர் நாலு அடி தூரத்தில் கேமராவோடு நின்றார். நான் திரும்பி நேராக அவரைப் பார்த்துச் சிரித்தேன். இப்போது எடுப்பார் என்று நிச்சயமாக நினைத்தேன்.

அவர் கேமராவைக் கண்ணுக்கு ஏற்றினார். ஒரு நொடி அப்படியே நின்றார். பிறகு ஒரு அடி பின்னால் வைத்தார். இன்னொரு அடி. சரளைக்கல் நொறுநொறுவென்று சத்தம் போட, ஊட்டியில் போனதைப் போலவே போய்க்கொண்டே இருந்தார்.

"ஏங்க, கொஞ்சம் கிட்ட வந்துதான் எடுங்களேன்" என்றேன். குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

"கிட்ட வந்தா தொட்டி வராது" என்றார் அங்கிருந்து. "என்னைப் பாக்காத. தொட்டியைப் பாரு."

நான் தொட்டியைப் பார்த்தேன். துணியை மறுபடி தலையில் கட்டிக்கொண்டேன். திரும்பி வரும் பஸ்ஸில் அவரோடு பேசவில்லை. மகள் வீட்டுக்கு வந்ததும் இரசம் காரமாக இருக்கிறது என்று அவளிடம் சண்டை போட்டேன். இரசம் சரியாகத்தான் இருந்தது.

நெய்வேலிக்குத் திரும்பினோம். ஊர் நன்றாகக் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா என் செடிகளுக்குத் தண்ணீர் விட்டு, இலையில் படிந்த அனல்மின் நிலையச் சாம்பலையும் கழுவி விட்டிருந்தார். வந்த பிறகு வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் திரை கட்டினார்கள். ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்து வந்தவர்கள் தூங்கி எழுந்து குடும்பத்தோடு வந்திருந்தார்கள். கூடம் நிறைந்துவிட்டது. அவர் இஸ்திரி போட்ட சட்டையில், கையில் ஒரு மூங்கில் குச்சியோடு, மைக் முன்னால் நின்றார். நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன்.

படம் ஓட ஓட எல்லாரும் நான் எங்கே என்று தேட ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடத்தில் நடந்ததே இங்கேயும் நடந்தது. ஆரஞ்சைக் கண்டுபிடித்ததும் ஒரு சத்தம்.

"இன்னாங்க டீச்சர்" என்றார் பக்கத்து வீட்டு அம்மா, என் காதோடு. "அம்மாந்தூரம் போயி, எல்லாத்துலயும் எறும்பு கணக்கா நின்னுகினு இருக்கீங்க. ஒங்க மூஞ்சி ஒண்ணுத்துலகூடக் காணமே?"

"அதைத்தான் நானும் தேடிக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

பூ எங்கே என்று ஒருவர் கேட்டார். மோட்டார் எங்கே என்று பம்ப் ஹவுஸில் வேலை பார்க்கிறவர் கேட்டார். அவருக்கு என் கணவர் கால்மணி நேரம் பதில் சொன்னார். பிறகு அந்த முதல் குன்றின் படம் வந்தது, நாலு பெஞ்ச் சுவர். கூடத்தில் பாதிப்பேர் சுரங்கத்தில் வேலை செய்கிறவர்கள். அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"அடிச் சுவர் என்னா உயரம் சார்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அவர் எதிர்பார்த்துக் காத்திருந்த கேள்வி. குச்சியால் என்னைத் தொட்டார், திரையில். "ஆள் நூத்தம்பத்தஞ்சு சென்டிமீட்டர். அதுல நாலு மடங்கு சுவர். ஆறு மீட்டருக்கு மேல வருது."

"நூத்தம்பத்தஞ்சு இல்ல" என்று நான் சொன்னேன்.

சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. முப்பது வருஷம் கரும்பலகை முன்னால் நின்ற வாய், தப்பான எண்ணைக் கேட்டால் தானாகத் திறந்துகொள்ளும். கூடம் திரும்பிப் பார்த்தது.

"நூத்தம்பத்தொண்ணு" என்றேன். இனிமேல் நிறுத்துவதற்கில்லை. "ஆஸ்பத்திரியில அளந்தாங்க. மாத்திரையால எலும்பு தேஞ்சிருக்குன்னு சொன்னாங்க. நாலு சென்டிமீட்டர் போயிடுச்சு."

சிலர் சிரித்தார்கள். வீட்டுக்காரரை மனைவி சபையில் மடக்கியது அவர்களுக்கு வேடிக்கை. அவர் சிரிக்கவில்லை.

"எப்போ எடுத்த ரீடிங்?" என்றார். மைக்கில்தான் கேட்டார்.

"போன வருஷம். கடைசி செக்கப்புல."

"நான் எங்க இருந்தேன்?"

"மருந்து வாங்கப் போயிருந்தீங்க."

அவர் திரும்பித் திரையைப் பார்த்தார். அங்கே சுவரடியில் ஆரஞ்சுப் புள்ளியாக நான் நின்றேன். கிட்டே போனார். இன்னும் கிட்டே போனார். புரொஜெக்டர் வெளிச்சத்தில் அவர் முதுகு முழுக்க இத்தாலியச் சுவர் விழுந்தது. எனக்கு ஏன்டா வாயைத் திறந்தோம் என்றாகிவிட்டது. இந்த ஒரு விஷயத்தை அவரிடம் சொல்லாமலேயே வைத்திருந்தேன். அவராகப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும் என்றுதான் வைத்திருந்தேன்.

மைக்குக்குத் திரும்பி வந்தார். தொண்டையைச் செருமினார்.

"ஆள் சொல்றதுதான் சரி" என்றார். "சுவர்தான் தப்பு. இதுவரைக்கும் நான் சொன்ன உயரம் எல்லாத்தையும் கொஞ்சம் கொறைச்சுக்குங்க. மன்னிக்கணும்." பிறகு அடுத்த படத்தைப் போட்டார்.

மீதிப் படங்களில் அவர் எந்த உயரமும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கும் பார்த்துச் சொல்கிறேன் என்றார். எலுமிச்சைத் தொட்டி வந்தபோது சட்டென்று அடுத்த படத்துக்குத் தாண்டிவிட்டார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். தெருவிளக்கு ஒன்று எரியவில்லை என்று சொன்னார். கம்ப்ளெயிண்ட் கொடுக்கணும் என்றேன். அவ்வளவுதான்.

மறுநாள் அவருக்கு வாராந்திர விடுமுறை. காலையில் நான் சாம்பார் கொதிக்க வைத்துவிட்டுக் கொல்லையில் கறிவேப்பிலை பறித்துக்கொண்டிருந்தேன். டேப்பை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"இங்க வா. கதவுகிட்ட நில்லு."

செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவு நிலையில் சாய்ந்து நின்றேன். என் தலைக்கு மேல் ஒரு புத்தகத்தை வைத்து அழுத்திக் குறித்தார். அளந்தார். இரண்டாம் முறை அளந்தார். அவர் வேலையில் அது வழக்கம், ஒரே ரீடிங்கை நம்ப மாட்டார்கள். மூன்றாம் முறை டேப்பைப் பிடித்தபோது அவர் கை என் தலைத்துணியில் பட்டது.

"இது வேற அரை சென்டிமீட்டர் கூட்டுது" என்றார். "எடுத்துடு."

எடுத்தேன். அளந்தார். டேப் சுருண்டு உள்ளே போன சத்தம் கேட்டது. எண்ணைச் சொல்லவில்லை. உள்ளே போனார். சாம்பாரை இறக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். கேமராவோடு வந்தார்.

"இப்ப எந்தச் சுவரை அளக்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

எதிரில் வந்து நின்றார். நான் பழக்கத்தில் கையை ஒட்டவைத்து, தலையைத் திருப்பி, கறிவேப்பிலை மரத்தைப் பார்த்து நின்றேன். அவர் பின்னால் போகப் போகிறார் என்று காத்திருந்தேன். செருப்புச் சத்தம் என் பக்கமாக வந்தது.

"அங்க பாக்காத" என்றார். "என்னைப் பாரு."

பார்த்தேன். கேமராவைக் கண்ணுக்கு ஏற்றினார், இறக்கினார். வெறும் கண்ணால் என்னைப் பார்த்தார். நெற்றி, சுருட்டை முடி, புருவம் திரும்ப வளர்ந்த இடம் என்று சர்வே பண்ணுகிறவர் பார்ப்பதைப் போல ஒரு இடம் விடாமல் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. என் கண்ணும் அப்படித்தான் இருந்திருக்கும். பிறகு மறுபடி ஏற்றி, ஒரே ஒரு முறை அழுத்தினார். சாம்பார் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. இரண்டு பேரும் போகவில்லை.

அந்தப் படத்தைத்தான் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் இத்தாலியில் எடுத்ததா என்று கேட்கிறார்கள். கொல்லைக் கதவு என்றால் நம்புவதில்லை, ஏனென்றால் கதவு தெரியாது, மரம் தெரியாது, அளவுக்குச் சொல்ல வேறு எதுவுமே அதில் இல்லை. என் முகம் மட்டும்தான். கொஞ்சம் மங்கல், நன்றாகச் சாய்ந்தும் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் அவர் எடுத்த எந்தப் படமும் சாய்ந்து நான் பார்த்ததில்லை.